பழைய பிரிண்டர தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இத வாசிங்க

நம்ம மலையகத்துல இப்ப நிறைய ஒபிஸ்ல, ஸ்கூல்ல, டவுன்ல இருக்கிற கொமினிகேஷன் கடையிலனு எல்லா இடத்துலயும் பழைய கொம்பியூட்டர மாத்திக்கிட்டு வாறாங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் குடுத்துக்கிட்டு இருந்த சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு, பழைய மெஷின் நிறையத்துல விண்டோஸ் 11 ஏறாது, அதுனால புதுசு எடுத்துத்தான் ஆகணும்னு ஆயிருச்சு. எடுக்கிறது சரி. ஆனா புதுச மேசையில வச்சு பழைய பிரிண்டரோட கேபிள கையில எடுத்துக்கிட்டு பின்னாடி பாத்தா அந்த நீட்டு 25 பின் சொக்கெட் இல்ல, புரொஜெக்டர் வயர் சொருகுற நீலக்கலர் சொக்கெட் இல்ல, தராசுல இருந்து வர்ற 9 பின் வயருக்கு இடமே இல்ல. கடையில கேட்டா "அதெல்லாம் பழசுங்க, புதுசா ஒன்னு எடுத்துருங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. இந்தப் பேச்ச கேட்டா எனக்கு உண்மையிலேயே மனசு பதறும்.

ஏன்னா அந்த பிரிண்டருக்கு ஒரு பழுதும் இல்ல. அந்த தராசு நேத்து வரைக்கும் சரியா நிறுத்துச்சு. போனது ரெண்டுக்கும் நடுவுல இருந்த ஒரு இணைப்பு மட்டும்தான். 2022ல ரூபாய் விழுந்து டொலர் 200 ரூபாயில இருந்து 360 வரைக்கும் போனத எல்லாரும் அனுபவிச்சோம், அதுக்குப் பிறகு இறக்குமதி சாமான் எதுவும் பழைய வெலைக்கு திரும்பல, அப்படி இருக்கிறப்ப நல்லா ஓடுற ஒரு சாமான இணைப்பு இல்லன்னு சொல்லி ஸ்டோர் ரூம் மூலையில போடுறது அநியாயம். நான் ஹட்டன் பக்கம் கொம்பியூட்டர் திருத்துற வேலை செய்றவன், தோட்டத்து ஒபிஸ், ஸ்கூல், ஸ்டூடியோ, கோயில்னு கூப்பிடுற இடத்துக்கெல்லாம் போறவன், மூலையில கிடக்கிறத எடுத்து துடைச்சு ஒரு சரியான அடாப்டர் போட்டதும் அது திரும்ப ஓடுறத பாக்கிறது எனக்கு இந்த தொழில்லயே பிடிச்ச விஷயம். ஆனா "சரியான"ங்கிறதுதான் இதுல முக்கியம், அதப் பத்தித்தான் எழுதுறேன்.

அடாப்டர்னு கடையில தொங்குறதுல ரெண்டு வகை இருக்கு. ஒன்னு வெறும் உருவத்த மட்டும் மாத்துறது, உள்ள வயர் மட்டும்தான் இருக்கும், இந்தப் பக்கம் வர்ற சிக்னல் அப்படியே அந்தப் பக்கம் போகும். இன்னொன்னு உள்ள ஒரு சிப் வச்சு, இந்தப் பக்கம் சொல்றத கேட்டு அந்தப் பக்கத்துக்கு புரியிற மாதிரி மாத்தி சொல்றது, துரை இங்கிலீஸ்ல சொல்றத கணக்கப்பிள்ளை கேட்டு காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல ஆளுங்களுக்கு தமிழ்ல சொல்ற மாதிரி. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் துண்டுதான். அதுனால எதையும் வாங்குறதுக்கு முன்னாடி, என்கிட்ட இருக்கிற சாமானும் புது கொம்பியூட்டரும் ஒரே மாதிரி சிக்னல்லதான் பேசுதா, பிளக் மட்டும்தான் வேறயா, இல்ல பேச்சே வேறயான்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. பேச்சே வேறன்னா சிப் இல்லாத அடாப்டர் எவ்வளவு வெலை குடுத்து வாங்கினாலும் வேலை செய்யாது.

கீபோர்ட வச்சு சொன்னா சீக்கிரம் விளங்கும். பழைய கீபோர்ட், மவுஸ்ல இருக்கிற வட்டமான 6 பின் பிளக், கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்கு பச்சை, அதுதான் பிஎஸ்/2, ஐபிஎம் 1987ல அதே பேருல விட்ட கொம்பியூட்டரோட வந்தது. இத யூஎஸ்பியில சொருகுறதுக்கு ஒரு குட்டி அடாப்டர் எல்லா கடையிலயும் இருக்கும், ஒருத்தருக்கு வேலை செய்யும், பக்கத்து கடைக்காரருக்கு செய்யாது, ரெண்டு பேரும் அடாப்டர் மேல பழி போடுவாங்க. விஷயம் என்னன்னா அந்த குட்டி அடாப்டருக்குள்ள சிப்பே இல்ல. சில கீபோர்ட் மவுஸ்ல உள்ள இருக்கிற சிப்புக்கே யூஎஸ்பியும் தெரியும் பிஎஸ்/2வும் தெரியும், அதுகளுக்கு மட்டும்தான் அது சரி வரும். பிஎஸ்/2 மட்டும் தெரிஞ்ச பழைய கீபோர்டுக்கு சிப் உள்ள கன்வேர்ட்டர்தான் வேணும், அது பொதுவா ஒரு யூஎஸ்பி வாலும் மறுபக்கம் ஊதா பச்சைனு ரெண்டு சொக்கெட்டுமா இருக்கும். கல்யாண கார்ட் டைப்செட்டிங் பண்றவங்க சில பேரு பாமினிங்கிற தமிழ் எழுத்துருவுல அடிச்சு அடிச்சு பழகின பழைய கனமான கீபோர்ட விடவே மாட்டாங்க, அவங்களுக்கு நான் இதத்தான் போட்டுக் குடுக்கிறேன். அதுக்கும் முன்னாடி புது டெஸ்க்டொப் பின்னாடி நல்லா பாருங்க, இப்ப வர்ற மதர்போர்ட்லயும் சிலதுல ஒரு பிஎஸ்/2 சொக்கெட் இருக்கு, அப்படி இருந்தா ஒரு செலவும் இல்ல, மெஷின ஓஃப் பண்ணிட்டு சொருகுங்க, ஓடிக்கிட்டு இருக்கிறப்ப சொருகிக் கழட்டுறதுக்கு செஞ்ச சாமான் இல்ல அது.

இப்ப நம்ம பக்கத்துக்கு ரொம்ப முக்கியமானது, டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர்.

தோட்டத்து ஒபிஸ்ல இன்னும் இத வச்சிருக்காங்களான்னு வெளியூர்ல இருந்து வர்றவங்க கேப்பாங்க. வச்சிருக்கிறதுக்கு காரணம் இருக்கு. இதுல சின்ன சின்ன ஊசி ரிப்பன் மேல அடிச்சுத்தான் எழுத்து விழுது, எப்சன் எல்எக்ஸ் 300 மாதிரி மெஷின்ல அந்த ஊசி 9. அடிக்கிறதுனால கீழ இருக்கிற கார்பன் தாள்லயும் எழுத்து விழும், ஒரே அடியில ஆளுக்கு ஒரு கொப்பி ஒபிஸுக்கு ஒரு கொப்பி. லேசர் பிரிண்டர்லயும் இங்க் பிரிண்டர்லயும் இது நடக்காது, தனித்தனியா ரெண்டு தரம் அடிக்கணும். சம்பள சிலிப் ஒன்னு ஒழுங்கா கையில கிடைக்கிறது தோட்டத்துல சின்ன விஷயம் இல்லீங்க. ஈபிஎஃப்க்கு (ஊழியர் சேமலாப நிதி) ஆள் சம்பளத்துல இருந்து 8 வீதம் பிடிச்சிருக்காங்களா, வேலை குடுக்கிறவங்க பக்கம் 12 வீதம் போட்டிருக்காங்களா, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் போகுதா, முற்பணம் எவ்வளவு கழிச்சிருக்கு, எல்லாம் அந்த துண்டு தாள பாத்துத்தான் ஆளுங்க கணக்கு பாக்கிறாங்க. ரிப்பனும் வெலை குறைவு, மாசத்துல ஒரு தரம் மட்டும் அடிச்சாலும் இங்க் காஞ்சு போற பிரச்சினை கிடையாது. அதுனால இந்த மெஷின காப்பாத்துறதுக்கு நான் எவ்வளவு நேரம்னாலும் செலவழிப்பேன்.

இதுக்கு வேணுங்கிறது யூஎஸ்பி - பெரலல் கேபிள். பெரலல்ங்கிறது அந்த நீட்டு 25 பின் இணைப்புத்தான். பழைய கேபிள்ல கொம்பியூட்டர் பக்கம் 25 பின், பிரிண்டர் பக்கம் ரெண்டு பக்கமும் கம்பி கொக்கி வச்ச அகலமான 36 பின், அந்த 36 பின்னுக்கு சென்ட்ரோனிக்ஸ்னு பேரு. புது கேபிள்ல ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் அதே 36 பின், அந்த தலைக்குள்ள சிப் இருக்கு. சொருகினதும் விண்டோஸ் இத "யூஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்"டுன்னு எடுத்துக்கிட்டு யூஎஸ்பி001ன்னு ஒரு போர்ட் உண்டாக்கும். இதுல இடறுறவங்கதான் நிறைய பேரு, ஏன்னா பிரிண்டர போடுறப்ப பழைய பழக்கத்துல அந்த பெரலல் போர்ட்டோட பேரான எல்பிடி1ன்னு குடுத்துருவாங்க, பிரிண்டர் அசையாது. பிரிண்டர் புரொப்பர்ட்டீஸ்ல போய் போர்ட்ஸ்ங்கிற இடத்துல யூஎஸ்பி001க்கு மாத்துங்க. வேர்ட், எக்ஸெல் எல்லாம் அதோட அடிக்க ஆரம்பிச்சிரும்.

ஆனா தோட்டத்து ஒபிஸ்ல வேற ஒன்னு வரும். ஆளுங்க வேலை நாளும் சம்பளமும் கணக்கு பாக்கிற பழைய செக்ரோல் புரோகிராம், விண்டோஸுக்கு முந்தின டொஸ் காலத்துல பொக்ஸ்புரோங்கிற சொப்ட்வெயார்ல எழுதினதா இருக்கும், அது விண்டோஸ்கிட்ட ஒன்னும் கேக்காம நேரா எல்பிடி1க்கு அனுப்பும். ஒரு கிளாக்கரய்யா என்னைய கூப்பிட்டு "தம்பி, டெஸ்ட் பேஜ் எல்லாம் அழகா அடிக்குது, சம்பள சிலிப் மட்டும் வரமாட்டேங்குது, பிரிண்டர் போயிருச்சா?"ன்னு கேட்டாரு. "இல்லீங்கய்யா, பிரிண்டர் நல்லா இருக்கு, உங்க புரோகிராம் எல்பிடி1ன்னு ஒன்ன தேடுது, இந்த கொம்பியூட்டர்ல அந்தப் பேருல ஒன்னுமே இல்ல"ன்னேன். இதுக்கு வழி இருக்கு. பிரிண்டர விண்டோஸ்ல ஷெயார் பண்ணிட்டு, கமாண்ட் புரொம்ப்ட்ல நெட் யூஸ்ங்கிற கட்டளையால எல்பிடி1ங்கிற பேர அந்த ஷெயார் பண்ணின பிரிண்டருக்கு கட்டிவிடணும், கடைசியில பேர்சிஸ்டன்ட் யெஸ்னு போட்டா கொம்பியூட்டர ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாலும் அது அப்படியே நிக்கும். அந்த ஷெயார் பண்ற பிரிண்டருக்கு ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லிங்கிற டிரைவர போட்டா புரோகிராம் அனுப்புற எழுத்து மாறாம போய் விழும்.

இது புரோகிராம் ஓடினாத்தானே. 64 பிட் விண்டோஸ்ல பழைய 16 பிட் டொஸ் புரோகிராம் நேரா ஓடாது, விண்டோஸ் 11ல 32 பிட்டே கிடையாது. அந்த நேரம் டொஸ்பொக்ஸ் எக்ஸ்ங்கிற இலவச சொப்ட்வெயார போட்டு அதுக்குள்ள ஓட்டலாம், அதுல பிரிண்ட் அடிக்கிற வசதியும் இருக்கு. பழைய கொம்பியூட்டர கழட்டி குடுக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் குடுக்கணும்னு நான் எல்லா ஒபிஸ்லயும் கெஞ்சிக் கேப்பேன், சம்பளத்துக்கு முதல் நாள் ராத்திரி இத கண்டுபிடிச்சா ஆளுங்கதான் காத்துக்கிட்டு நிக்கணும்.

பெரலல் கேபிள் பத்தி இன்னும் ஒன்னு. பழைய கொம்பியூட்டருக்கு பின்னாடி பிரிண்டர் கேபிளுக்கும் சொக்கெட்டுக்கும் நடுவுல தீப்பெட்டி அளவுல ஒரு துண்டு சொருகியிருக்கான்னு பாருங்க. அது கணக்கு சொப்ட்வெயாரோட டொங்கிள், அது இல்லாம சொப்ட்வெயார் திறக்காது. யூஎஸ்பி - பெரலல் கேபிள் பிரிண்டருக்கு மட்டும்தான், இந்த டொங்கிளும் சரி, பெரலல்ல ஓடுற பழைய ஸ்கேனரும் சரி, அதுல வேலை செய்யாது. டெஸ்க்டொப்னா உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் சொக்கெட்ல பெரலல் கார்ட் ஒன்னு போட்டா உண்மையான எல்பிடி போர்ட்டே கிடைக்கும், நான் முடிஞ்ச இடத்துல எல்லாம் கேபிள விட இதத்தான் போடச் சொல்றது. லெப்டொப்னா சொப்ட்வெயார் குடுத்தவங்ககிட்ட பேசி யூஎஸ்பி டொங்கிள் மாத்தி வாங்குறதுதான் வழி. பிரிண்டரே புதுசா எடுக்கிற நிலைமைன்னா எப்சன் எல்எக்ஸ் 310ல யூஎஸ்பி, பெரலல், சீரியல் மூனும் இருக்கு.

அடுத்தது சீரியல் போர்ட், 9 பின், ஆர்எஸ் 232. இது 1960ல வந்த முறை, இன்னைக்கும் தராசு, கடையில பில் அடிக்கிற மெஷின், தொழிற்சாலை மீட்டர்னு உயிரோட இருக்கு. எங்க அம்மா கொழுந்து எடுத்தவங்க. நிறுக்கிற இடத்துல தராசு முள்ள பாக்கிறதுக்கு எட்டி எட்டி நின்ன கதைய சொல்லியிருக்காங்க. அதுனால தராசு வயர் விஷயத்துல நான் ரொம்ப கவனம். டிஜிட்டல் தராசுல தெரியிற இலக்கம் கையால எழுதாம நேரா கொம்பியூட்டருக்கு போனா, ஆள் கண்ணு முன்னாடி பாத்த நிறையும் கொம்பியூட்டர்ல ஏறுற நிறையும் ஒன்னாத்தான் இருக்கும், நடுவுல யாருக்கும் மறந்து போகாது, மாத்தி எழுதுறதுக்கும் இடமில்ல. ஒரு கேபிள் இல்லங்கிறதுக்காக திரும்ப கொப்பியில எழுதுற முறைக்கு போகவிடக்கூடாது.

யூஎஸ்பி - சீரியல் கேபிள்ல சிப்புதான் எல்லாமே. அதிகமா காணக்கிடைக்கிறது எஃப்டிடிஐ, புரொலிஃபிக் பிஎல்2303, சிஎச்340ன்னு மூனு. புரொலிஃபிக்ல பழைய சிப்பும் போலி சிப்பும் சந்தையில நிறைய, புது விண்டோஸ்ல சொருகினா டிவைஸ் மனேஜர்ல மஞ்சள் அடையாளம் போட்டு, இந்த சிப் 2012ல நிப்பாட்டியாச்சு, வாங்கின இடத்துல கேளுங்கன்னு சிப்போட பேரு இருக்க வேண்டிய இடத்துலயே எழுதிக் காட்டும். எஃப்டிடிஐல 2014ல ஒரு பெரிய கலவரம் நடந்துச்சு, விண்டோஸ் அப்டேட் வழியா வந்த அவங்க டிரைவர் போலி சிப்போட அடையாள இலக்கத்த பூச்சியமா மாத்திவிட்டுருச்சு, அதோட உலகம் பூரா நிறைய கேபிள் திடீர்னு செத்துப் போச்சு, வாங்கினவங்களுக்கு அது போலின்னே தெரியாது. அதுக்காக நான் சொல்றது, தராசு மாதிரி நாள் பூரா ஓட வேண்டிய இடத்துக்கு கொஞ்சம் கூட குடுத்தாலும் நம்பிக்கையான கடையில எஃப்டிடிஐ வாங்குங்க. சும்மா எப்பயாவது செட்டிங் மாத்துறதுக்குன்னா சிஎச்340 தாராளமா போதும். லினக்ஸ்ல ஓட்டுறவங்களுக்கு இந்த மூனுக்குமே டிரைவர் லினக்ஸோட அடிப்படையான கேர்னலுக்குள்ளயே இருக்கு.

சொருகியும் தராசு இலக்கம் வரலன்னா பதட்டப்பட வேணாம். முதல்ல டிவைஸ் மனேஜர்ல கொம் இலக்கம், அதாவது சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் குடுத்த இலக்கம், என்னன்னு பாருங்க. பழைய சொப்ட்வெயார் சிலது கொம்1ல இருந்து கொம்4 வரைக்கும்தான் பாக்கும், விண்டோஸ் உங்களுக்கு கொம்11 குடுத்திருக்கும், போர்ட் செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்ட்ட அமத்தி அத கீழ இறக்கலாம். சிஎச்340 மாதிரி சீரியல் இலக்கம் இல்லாத சிப்புனா வேற யூஎஸ்பி சொக்கெட்ல சொருகினதும் கொம் இலக்கம் மாறிரும், அதுனால எந்த சொக்கெட்னு பெயின்ட்ல ஒரு புள்ளி வச்சிருங்க. அடுத்தது வேகம், தராசு புத்தகத்துல 9600, 8 பிட், பரிட்டி இல்ல, ஸ்டொப் பிட் 1ன்னு ஏதாவது போட்டிருக்கும், ரெண்டு பக்கமும் ஒன்னா இருக்கணும், மாறிட்டா குப்பை எழுத்துத்தான் வரும். குப்பை எழுத்து வந்தா சந்தோசப்படுங்க, வயர் சரி, வேகம் மட்டும்தான் பிழை. ஒன்னுமே வரலன்னா கேபிள் நேரானதா குறுக்கானதான்னு பாக்கணும், சில சாமானுக்கு 2ம் 3ம் பின் மாறின கேபிள் வேணும். அடாப்டர் உயிரோட இருக்கான்னு பாக்க, தராச கழட்டிட்டு அடாப்டரோட 2ம் பின்னையும் 3ம் பின்னையும் ஒரு கம்பித்துண்டால சேத்து வச்சுட்டு புட்டிங்கிற சொப்ட்வெயார்ல எழுத்த அடிங்க, அடிக்கிற எழுத்து திரும்ப ஸ்கிரீன்ல வந்தா அடாப்டர் நல்லம். ஒரு எச்சரிக்கையும் சொல்லிர்றேன். மின்சார சாமான் செஞ்சு பழகுற பிள்ளைங்க பாவிக்கிற 5 வோல்ட், 3.3 வோல்ட் சீரியல் போர்ட் வேற, ஆர்எஸ் 232 வேற, ஆர்எஸ் 232ல 15 வோல்ட் வரைக்கும் கழித்தல் பக்கமும் கூட்டல் பக்கமும் போகலாம், மாத்திக் குடுத்தா சின்ன போர்ட் எரிஞ்சிரும்.

ஸ்கூல்ல வர்ற பிரச்சினை அனேகமா புரொஜெக்டர்தான். பழைய புரொஜெக்டர்ல நீலக்கலர் 15 பின் வீஜீஏ, அதுவும் 1987ல ஐபிஎம்ல இருந்து வந்ததுதான், அதுல போறது அனலொக் சிக்னல். புது லெப்டொப்ல எச்டிஎம்ஐ, அது டிஜிட்டல். அதுனால இங்க சிப் உள்ள அடாப்டர் கட்டாயம், அதுவும் ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐல இருந்து வீஜீஏக்கு போறத திருப்பிப் போட்டு பழைய கொம்பியூட்டர புது டீவியில காட்ட முடியாது, அதுக்கு வேற அடாப்டர், அது பெரும்பாலும் யூஎஸ்பியில கரண்ட் எடுக்கிற மாதிரி வரும். டீச்சர்மார் அடிக்கடி கேக்கிறது, படம் வருது, சத்தம் எங்க போச்சுன்னு. வீஜீஏல சத்தம் போகாது டீச்சர், அடாப்டரோட பக்கத்துல இயர்போன் துளை இருக்கிறதா பாத்து வாங்கி அதுல இருந்து ஸ்பீக்கருக்கு வயர் குடுத்தா சரி.

படம் வந்து வந்து அணைஞ்சா காரணம் பெரும்பாலும் கரண்ட். எச்டிஎம்ஐ சொக்கெட் கட்டாயமா குடுக்க வேண்டியது 5 வோல்ட்ல வெறும் 55 மில்லிஅம்பியர்தான், சில லெப்டொப் அதுக்கு மேல தாராளமா குடுக்கும், சிலது குடுக்காது, அதுனால ஒரு லெப்டொப்ல ஓடின அடாப்டர் இன்னொன்னுல தடுமாறும். பக்கத்துல மைக்ரோ யூஎஸ்பி துளை வச்ச அடாப்டர் வாங்கினா போன் சார்ஜர்ல இருந்து கரண்ட் குடுத்துக்கலாம். எழுத்து மங்கலா இருந்தா பழைய புரொஜெக்டர் நிறைய 1024க்கு 768, சிலது 800க்கு 600, லெப்டொப்ல அதுக்கு சமமா வச்சுப் பாருங்க, கடைசி வரிசையில இருக்கிற பிள்ளைக்கும் தெரியும். டைப் சி மட்டும் உள்ள லெப்டொப்ல இன்னொரு விஷயம், எல்லா டைப் சி சொக்கெட்லயும் படம் வராது, டைப் சி வழியா படம் அனுப்புற டிஸ்பிளேபோர்ட் அல்ட் மோட் (Alt Mode) இருக்கிறதுல மட்டும்தான் வரும், ஒரு சொக்கெட்ட பல சொக்கெட்டா பிரிக்கிற ஹப் வாங்குறதுக்கு முன்னாடி உங்க லெப்டொப் மொடல்ல அது இருக்கான்னு பாத்துக்கங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிர்றேன். பழைய ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற போட்டோவ எடுக்கிறதுக்கு ஐடிஇ (பழைய டிஸ்க் இணைப்பு), சாட்டா (அதுக்குப் பிறகு வந்தது) ரெண்டும் உள்ள யூஎஸ்பி அடாப்டர் ஒன்னு வாங்கி வச்சுக்கங்க, லெப்டொப் டிஸ்க் யூஎஸ்பி கரண்ட்லயே ஓடும், டெஸ்க்டொப் டிஸ்குக்கு 12 வோல்ட் தனியா வேணும், ஐடிஇனா டிஸ்க் பின்னாடி பின்மேல மாட்டியிருக்கிற குட்டி ஜம்பர மாஸ்டர்ல வைங்க. சொருகினதும் விண்டோஸ் "போர்மட் பண்ணவா"ன்னு கேட்டா தயவுசெஞ்சு யெஸ் அமத்திராதீங்க. டிஸ்க் டக்கு டக்குனு சத்தம் போட்டா உடனே நிப்பாட்டிருங்க, ஒவ்வொரு தரமும் ஓன் பண்ணிப் பாக்கிறதுல இருக்கிறதும் போயிரும். கோயில்லயும் சேர்ச்லயும் இருக்கிற பழைய மியூசிக் கீபோர்டுல பின்னாடி வட்டமா 5 பின் மிடி சொக்கெட் இருந்தா, யூஎஸ்பி - மிடி கேபிள் போதும், 1983ல வந்த முறை இன்னும் மாறாம நிக்குது, அதுல போறது எந்த ஸ்வரத்த எவ்வளவு அழுத்தி வாசிச்சாங்கங்கிற தகவல், சத்தம் போகாது.

பழைய வீடியோ கெமராவுல போடுற குட்டி மினி டிவி (Mini DV) டேப் பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும். நம்ம ஊர் ஸ்டூடியோக்கள்லயும் வீட்டு அலமாரியிலயும் கல்யாணம், சடங்கு, தேர்த்திருவிழான்னு எத்தனையோ டேப் கிடக்கு, இறந்து போன தாத்தா பாட்டி நடமாடுற ஒரே வீடியோ அதுவா இருக்கும். அந்த கெமராவுல இருக்கிற சின்ன 4 பின் சொக்கெட் ஃபயர்வயர். ஃபயர்வயர்ல இருந்து யூஎஸ்பின்னு வெலை குறைஞ்ச கேபிள் ஒன்லைன்ல நிறைய விக்கிறாங்க, அதுக்குள்ள வெறும் வயர்தான், அதால ஒரு டேப்பையும் எடுக்க முடியாது. டெஸ்க்டொப்ல பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்ட் போட்டு எடுக்கிறதுதான் நம்பிக்கையான வழி. அப்பிள் மெக்ல தண்டர்போல்ட் அடாப்டர் ரெண்ட அடுக்கி எடுத்துக்கிட்டு இருந்தாங்க, 2025ல வந்த மெக் ஓஎஸ் 26ல ஃபயர்வயரையே எடுத்துட்டாங்க. நுவரெலியா, மஸ்கெலியா பக்கம் இருக்கிற ஈரத்துக்கு டேப்ல பூஞ்சணம் பிடிக்கும், பிடிச்ச டேப்ப போட்டா கெமரா ஹெட்டும் சேந்து போகும். இத மட்டும் அடுத்த வருசம் பாப்பம்னு விடாதீங்க.

ஈரம்னு சொன்னதும் ஞாபகம் வருது, நம்ம பக்கத்துல அடாப்டர் பழுதுன்னு கொண்டு வர்றதுல நிறைய உண்மையில பின் பழுது. தென்மேல் பருவ மழை மாசக்கணக்கா பெய்யிற இடத்துல மூடி வைக்காத 9 பின், 25 பின் சொக்கெட்ல பச்சைக் களிம்பு பிடிச்சிரும். ஐசோபுரோப்பைல் அல்ககோல்ல பழைய டூத்பிரஷ்ஷ நனைச்சு தேச்சு நல்லா காய விட்டு சொருகிப் பாருங்க, அதுக்குப் பிறகு அடாப்டர் வாங்குறத பத்தி யோசிக்கலாம். அதே மாதிரி சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்நேரத்துல இடி மின்னல் வர்ற காலத்துல தராசு வயர், பிரிண்டர் வயர் ரெண்டையும் கொம்பியூட்டர்ல இருந்து கழட்டி வைங்க. கரண்ட் பிளக்க மட்டும் கழட்டிட்டு போறாங்க, கொழுந்து நிறுக்கிற மடுவத்துல இருந்து ஒபிஸுக்கு இழுத்திருக்கிற நீட்டு வயர் வழியாவும் மின்னல் உள்ள வரும்.

இன்னொரு பக்கம், பிளக் சரியா பொருந்தியும் ஓடாத சாமான் இருக்கு. பழைய யூஎஸ்பி ஸ்கேனர் அப்படித்தான். சொக்கெட் அதே யூஎஸ்பிதான், ஆனா கம்பெனி 32 பிட் விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் எழுதிட்டு விட்டிருக்கும். இதுக்கு எந்த அடாப்டரும் உதவாது. வியூஸ்கேன்ங்கிற சொப்ட்வெயார் தன்னோட சொந்த டிரைவராலயே ஆயிரக்கணக்கான பழைய ஸ்கேனர ஓட்டும், காசு குடுத்து வாங்கணும். காசில்லாம வேணும்னா பழைய கொம்பியூட்டரயே வச்சு லினக்ஸ் போடுங்க, அதுல இருக்கிற சேன்ங்கிற முறை நிறைய பழைய ஸ்கேனர அடையாளம் கண்டுக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைன்னு ஸ்கேன் பண்ண வர்ற சனத்துக்கு அது எந்த விண்டோஸ்ல ஓடுதுங்கிறது முக்கியமே இல்ல.

வாங்கப் போறப்ப சாமானோட பிளக், கொம்பியூட்டரோட சொக்கெட், சாமானுக்கு பின்னாடி ஒட்டியிருக்கிற மொடல் ஸ்டிக்கர் மூனையும் போன்ல படம் எடுத்துக்கிட்டு போங்க. நம்ம டவுன்கள்ல வீஜீஏ அடாப்டர், டைப் சி ஹப் எல்லாம் கிடைக்குது, பெரலல் கேபிள், நல்ல சீரியல் கேபிள் வேணும்னா கொழும்புல புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு, இல்லன்னா பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. கடையிலயே சொருகிப் பாக்க விடுவாங்களான்னு கேளுங்க, மாத்திக் குடுப்பாங்களான்னு பில்லுல எழுதி வாங்குங்க, பஸ் ஏறி திரும்ப கொழும்புக்கு போற செலவு அடாப்டர் வெலைய விட கூட.

கடைசியா ஸ்கூல் சேர்மார், டீச்சர்மார்கிட்ட ஒரு வேண்டுகோள். வருசக் கடைசியில சாமான் கணக்கெடுக்கிற போர்ட் ஒஃப் சர்வே குழு வர்றப்ப ஐசிடி ரூம்ல ஓடாத சாமானுக்கெல்லாம் பாவிக்க முடியாததுன்னு எழுதி கழிச்சிர்றாங்க. அந்த லிஸ்ட் எழுதுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சாமானுக்கும் கரண்ட் குடுத்துப் பாருங்க. லைட் எரிஞ்சு, கேபிள்தான் பொருந்தலன்னா, பழுதுன்னு எழுதாம "கேபிள் இல்லை"ன்னு எழுதி என்ன பிளக்குன்னும் ஒரு துண்டுல எழுதி ஒட்டி வைங்க. அந்த துண்டு இருந்தா என்ன மாதிரி ஒருத்தன் வந்து பாக்கிறப்ப எது எதுக்கு என்ன அடாப்டர் வேணும்னு அன்னைக்கே லிஸ்ட் போட்டுக் குடுத்துரலாம்.